வரிசையில் உங்க இடம் எது?

போன எபிசோடில் ஸ்டார்ட்அப் ஆஃபர் லெட்டரைப் பத்திப் பேசினப்போ ஒரு கேள்வி வந்தது: "0.5% ஆப்ஷன்ஸ் தர்றாங்க. அது எவ்வளவு காசு?" மைக் முன்னாடி இரண்டு நிமிஷத்தில் அதைக் கடந்து போயிட்டோம். இரண்டு நிமிஷத்தில் அடங்குகிற விஷயம் இல்லை அது. 0.5% எவ்வளவு என்று கேட்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. நாளைக்கு அந்தக் கம்பெனியை வித்தாலோ மூடினாலோ, உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் கை நீட்டிக்கிட்டு நிப்பாங்க?

இந்தக் கேள்வியை எனக்குக் கத்துக்கொடுத்தது ஆக்லாந்து யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம் எடுத்த ஃபைனான்ஸ் 251. கம்ப்யூட்டர் சயின்ஸோட காமர்ஸையும் சேர்த்துப் படிச்சேன். "ரெண்டு டிகிரி ஒரே நேரத்திலயா, நல்லது" என்பதுதான் வீட்டில் கிடைத்த ஒரே விமர்சனம். கிராஃப்டன் ரோடு பிசினஸ் ஸ்கூல் கட்டிடத்தில், கையில் அமெரிக்காவில் எழுதின தடிப் புத்தகம். உதாரணமெல்லாம் டாலரில்தான் இருக்கும், ஆனா அவங்க டாலர். பணத்தின் கால மதிப்பு, நிகர இன்றைய மதிப்பு, மூலதனச் செலவு, மூலதன அமைப்பு என்று பன்னிரண்டு வாரம் ஓடும். அத்தனை அத்தியாயத்தையும் பிழிஞ்சு பார்த்தா இரண்டே கேள்விதான் மிஞ்சும். காசு எப்போ வருது? யாருக்கு முதல்ல வருது?

முதல் கேள்விக்கு நம்ம வீட்டிலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கு. சீட்டு.

மவுன்ட் ராஸ்கில், சேண்ட்ரிங்கம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மாவோட வாட்ஸ்அப்பில் மாசா மாசம் "இந்த மாசம் யார் எடுக்கிறீங்க" என்று ஓடுமே, அதேதான். தெரியாதவங்களுக்காக ஒரு கற்பனைச் சீட்டு போடுவோம். பத்து பேர், பத்து மாசம், ஆளுக்கு மாசம் 1,000 டாலர். ஒவ்வொரு மாசமும் 10,000 டாலர் சேரும். அவசரமா பணம் வேணும்கிறவர் ஏலத்தில் தள்ளிக் கேட்பார். 1,500 தள்ளினா அவர் கைக்கு 8,500 வரும். அந்த 1,500 பத்து பேருக்கும் 150, 150 ஆகப் பிரியும், அதனால் அந்த மாசம் எல்லாரும் 850 கட்டினா போதும். ஊரில் பெரிய சீட்டுக் கம்பெனிகள் இந்த 150க்கு டிவிடெண்ட் என்றே பெயர் வச்சிருக்கு.

முதல் மாசம் சீட்டு நடத்துறவர் தள்ளுபடி இல்லாமல் முழுசா எடுத்துக்கிறார். இரண்டாவது மாசம் 1,500 தள்ளிப் போகுது. அதுக்கப்புறம் அவசரம் குறையக் குறைய 1,300, 1,100, 900 என்று 200, 200 ஆகக் குறைஞ்சு ஒன்பதாவது மாசம் வெறும் 100. பத்தாவது மாசம் போட்டிக்கு ஆளே இல்லை, கடைசி ஆள் முழு 10,000த்தையும் எடுத்துக்கிறார். எல்லாத்தையும் கூட்டினா பத்து மாசத்தில் ஒவ்வொருத்தரும் கட்டினது 9,360 டாலர்.

இதை அப்படியே எக்ஸெல்லில் போட்டு, உள் வருவாய் விகிதம், அதாவது ஐஆர்ஆர் என்ன என்று கேளுங்க. கடைசி ஆள் போட்ட பணம் மாசத்துக்கு கிட்டத்தட்ட 1.5% வளர்ந்திருக்கு. கூட்டுவட்டியாப் பார்த்தா வருஷத்துக்கு 19 சதவீதத்துக்கும் மேல. இரண்டாவது மாசம் எடுத்தவர்? அவர் 8,500 வாங்கி 9,360 கட்டினார், "860தானே கூட" என்று தோணும். ஆனா அந்த 860ஐ அவர் கொடுத்தது மாசம் 2.8% வட்டியாக. வருஷக் கணக்கில் 39 சதவீதத்தைத் தொடுது. கிரெடிட் கார்டு வட்டியே அதுக்குக் கிட்ட வராது.

(கோடிங் பண்றவங்களுக்கு ஒரு சின்ன இனிப்பு. இரண்டாவது மாசம் எடுத்தவருடைய பணம் முதலில் வெளியே போகுது, அப்புறம் உள்ளே வருது, திரும்ப வெளியே போகுது. குறி இரண்டு தடவை மாறுறதால சமன்பாட்டுக்கு இரண்டு விடை கிடைக்கும். ஒண்ணு 2.8%. இன்னொண்ணு மாசத்துக்கு சுமார் 650%! கணக்குப்படி இரண்டும் சரி. எக்ஸெல் நாம கொடுக்கிற ஆரம்ப ஊகத்துக்கு ஏத்தபடி ஒண்ணைத் தேடிக் கொடுக்கும், மற்றதைப் பத்தி வாயைத் திறக்காது. ஐஆர்ஆரை மட்டும் நம்பாதீங்க, நிகர இன்றைய மதிப்பையும் போட்டுப் பாருங்க என்று புத்தகம் சொல்றது இதனாலதான்.)

சரி, கடைசி ஆளுக்கு ஏன் இவ்வளவு நல்ல வருமானம்? பொறுமைக்கான கூலி என்று வீட்டில் சொல்வாங்க. அது பாதிதான். டேர்ம் டெபாசிட்டில் போட்டு அதே பத்து மாசம் பொறுமையா இருந்தாலும் இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மீதி எதுக்கான விலை? இரண்டாவது மாசம் எடுத்த ஆள் ஐந்தாவது மாசம் போனை எடுக்காமல் போயிட்டா, அடி விழுறது இன்னும் எடுக்காதவங்க மேல. ஏற்கனவே எடுத்தவங்க கையில் பணம் வந்தாச்சு. வரிசையில் கடைசியா நிற்கிறவர் பணம் வராமல் போகிற அபாயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். அந்த அபாயத்துக்குத்தான் அவருக்கு அதிக வருமானம். புத்தகத்தில் இதுக்கு இரண்டு அத்தியாயமும் கிரேக்க எழுத்து பீட்டாவும் உண்டு. விஷயம் சீட்டிலேயே இருக்கு.

இப்போ கம்பெனிக்கு வருவோம். கம்பெனியும் ஒரு வரிசைதான், ஆனா இதில் ஏலம் கிடையாது. யாருக்கு எந்த இடம் என்று ஒப்பந்தமும் சட்டமும் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கும். நியூசிலாந்தில் ஒரு கம்பெனி மூழ்கினா, சொத்தை அடமானமா வாங்கினவங்க, அதாவது பெரும்பாலும் பேங்க், முன்வரிசையில் நிப்பாங்க. ஊழியர்களின் சம்பள பாக்கி, விடுமுறைப் பணம் ஆகியவற்றுக்கு ஒரு வரம்பு வரைக்கும் முன்னுரிமை இருக்கு. ஐஆர்டிக்குப் போக வேண்டிய ஜிஎஸ்டி போன்ற சில வரிகளும் முன்னாடி வரும். அப்புறம் சரக்கு கொடுத்தவங்க, வேலை செஞ்சு பில் அனுப்பினவங்க. இவங்க எல்லாருக்கும் கொடுத்து ஏதாவது மிஞ்சினாத்தான் பங்குதாரர்கள். அவங்களுக்குள்ளேயும் முன்னுரிமைப் பங்கு வச்சிருக்கிற முதலீட்டாளர் முதலில், சாதாரணப் பங்கு கடைசியில். உங்க ஆப்ஷன் சாதாரணப் பங்காக மாறக்கூடிய ஒரு உரிமை. அதனால் அது அந்தக் கடைசி ஆளுக்கும் பின்னாடி.

கவனிச்சீங்களா? ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கிறார். சம்பளம் வாங்குற ஊழியரா முன்வரிசையில், ஆப்ஷன் வாங்கினவரா கடைசி வரிசையில். "சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, ஆப்ஷன் கூடத் தர்றோம்" என்று சொன்னா, முன்னாடி இருந்து பின்னாடி போய் நில்லுங்க என்று அர்த்தம். போகலாம், தப்பே இல்லை. ஆனா அதுக்குச் சீட்டின் கடைசி ஆள் மாதிரி நல்ல விலை கிடைக்கணும்.

0.5% கணக்கு இப்போ போடலாம். ஒரு முதலீட்டாளர் 1 கோடி டாலர் போட்டு 25% வாங்கியிருக்கார். அப்போ கம்பெனியின் மதிப்பு 4 கோடி. உங்க 0.5% காகிதத்தில் 2 லட்சம் டாலர். ஆனா அவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: கம்பெனியை வித்தா போட்ட பணம் முழுசும் எனக்கு முதலில், இல்லேன்னா என் 25%, எது அதிகமோ அது. இரண்டு வருஷம் கழிச்சு கம்பெனி 1.2 கோடிக்குத்தான் விலை போகுது என்று வச்சுக்கோங்க. அவர் 1 கோடியை எடுத்துக்குவார். மீதி 20 லட்சத்தை மற்ற 75 சதவீதத்துக்காரங்க பிரிக்கணும். உங்க பங்கு சுமார் 13,300 டாலர். அதிலும் ஆப்ஷனைப் பங்காக மாற்ற நீங்க கட்ட வேண்டிய விலை கழியும், வரி தனிக் கதை. "1.2 கோடியில் 0.5% போட்டா 60,000 வரணுமே" என்று மனசு கேட்கும். சதவீதம் அதேதான். நீங்க நின்ன இடம்தான் வேற.

வரிசை சந்தோஷமா முடிஞ்ச கதையும் நம்ம ஊரிலேயே இருக்கு. 2010ல் சென்னையில் ஆரம்பிச்ச ஃபிரஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 அமெரிக்க டாலருக்குப் பங்கை வித்து 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அன்னிக்கு ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கோடீஸ்வரர்கள் ஆனாங்க என்று பேப்பர் எல்லாம் எழுதிச்சு. அதை ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் அதுக்கு முன்னாடி வேலை பார்த்தது ஸோஹோவில். 1996ல் தொடங்கின ஸோஹோ, வெளி முதலீட்டாளர் யாரையும் வரிசைக்குள்ளேயே விடாமல், வாடிக்கையாளர் கட்டுற காசிலேயே வளர்ந்தது. இரண்டு கம்பெனியும் சென்னையில்தான் வளர்ந்தது, முதலாவது இரண்டாவதிலிருந்து முளைச்சது. எது சரியான வழி என்று எங்க குழுவில் இன்னும் சண்டை ஓயலை. என் ஓட்டு ஸோஹோவுக்கு.

சந்தோஷமில்லாத கதைக்கு ஆக்லாந்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். பிரிட்டோமார்ட் பக்கத்தில் ஸ்பார்க் அரீனா இருக்கே, 2007ல் வெக்டர் அரீனா என்ற பேரில் திறந்தது, அதைக் கட்டினது மெயின்ஸீல். 1968ல் தொடங்கின கட்டுமானக் கம்பெனி. 2013 பிப்ரவரி 6, வைட்டாங்கி நாள் அன்னிக்கு அது ரிசீவர்கள் கைக்குப் போச்சு. அடமானம் எதுவும் இல்லாத கடன்காரர்களுக்கு வர வேண்டியிருந்தது சுமார் 11 கோடி டாலர். அவங்களில் நிறைய பேர் எலெக்ட்ரீசியன், பிளம்பர், பெயின்டர் என்று வேன் வச்சு வேலை பார்க்கிற சின்ன சின்ன துணை ஒப்பந்தக்காரர்கள்.

மெயின்ஸீல் விழுந்தது ஒரே நாளில் இல்லை. பல வருஷமாகவே அதன் கடன் சொத்தை விட அதிகமா இருந்தது. கம்பெனிப் பணம் அதே குழுமத்தின் மற்ற நிறுவனங்களுக்கும் சீன முதலீடுகளுக்கும் கடனாகப் போயிருந்தது. தேவைப்பட்டா குழுமம் கைகொடுக்கும் என்ற வாக்குறுதி இருந்ததே தவிர, சட்டப்படி கட்டுப்படுத்துற மாதிரி எதுவும் இல்லை. அப்புறம் எப்படி இத்தனை வருஷம் ஓடுச்சு? கட்டிடம் கட்டச் சொன்னவர்கிட்ட இருந்து பணம் முன்னாடி வரும், துணை ஒப்பந்தக்காரருக்குப் பின்னாடி போகும். அந்த இடைவெளியில் கையில் ரொக்கம் இருந்துக்கிட்டே இருக்கும். பேங்க் கணக்கைப் பார்த்தா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். வகுப்பில் நடைமுறை மூலதனம் என்று ஒரு அத்தியாயம் உண்டு, எல்லாரும் தூங்குற அத்தியாயம். அதை நடத்துறதுக்கு மெயின்ஸீல் தீர்ப்பைக் கையில் கொடுத்தா ஒருத்தரும் தூங்க மாட்டாங்க. அந்த ரொக்கம் கம்பெனியோட காசே இல்லை, பின்வரிசையில் நின்னவங்க காசு.

விவகாரம் பத்து வருஷம் இழுத்தது. இயக்குநர் குழுவில் முன்னாள் பிரதமர் ஜென்னி ஷிப்லி தலைவராக இருந்ததால் நாடே பார்த்துச்சு. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் முடிவு சொன்னது: இயக்குநர்கள் பொறுப்பு, 3.98 கோடி டாலரும் அதுக்கு மேல் வட்டியும் கட்டணும். ரிச்சர்ட் யான் மொத்தத் தொகைக்கும், ஷிப்லி உட்பட மற்ற மூன்று பேர் ஆளுக்கு 66 லட்சம் வரைக்கும். இதுக்கு நடுவில் இன்னொரு மாற்றமும் வந்தது. வேலை முடியுற வரைக்கும் துணை ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒரு பகுதியைப் பிடிச்சு வைக்கிற வழக்கம் உண்டு. மெயின்ஸீல் மூழ்கினப்போ அந்தப் பணமும் சேர்ந்து மூழ்கிச்சு. 2017 மார்ச் 31ல் இருந்து அந்தப் பணத்தை அறக்கட்டளைப் பணமா வச்சிருக்கணும் என்று சட்டம் வந்தது. அதாவது அதை வரிசையிலிருந்தே வெளியே எடுத்துட்டாங்க. புத்தகத்தில் வரிசை கல்வெட்டு மாதிரி தெரியும். நிஜத்தில் அடிபட்டவங்க போராடினா அது நகரும்.

புத்தகம் அமெரிக்காவில் எழுதினது என்று சொன்னேன் இல்லையா? அது உண்மையாவே உதைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. 1958ல் மோடிக்லியானி, மில்லர் என்று இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க, பின்னாடி இருவருக்கும் நோபல் கிடைச்சது. வரி, திவால் மாதிரி தொல்லைகள் இல்லாத உலகத்தில், கடன் வாங்கினாலும் பங்கு வித்தாலும் கம்பெனியின் மதிப்பு மாறாது என்று நிரூபிச்சாங்க. பீட்சாவை எட்டா வெட்டினாலும் ஆறா வெட்டினாலும் பீட்சா அதேதான். 1963ல் வரியையும் சேர்த்துத் திருத்தினாங்க: கடனுக்குக் கட்டுற வட்டி செலவாகக் கழியும், டிவிடெண்ட் கழியாது, அதனால் கடன் வாங்கினா வரி மிச்சம். தேர்வுக்கு எல்லாரும் மனப்பாடம் பண்ற வரி இதுதான்.

நியூசிலாந்தில் 100 டாலர் லாபத்தை எடுத்துப் பாருங்க. கம்பெனி 28% வரி கட்டும், மீதி 72 டிவிடெண்டாக வரும். ஆனா கூடவே "28 டாலர் ஏற்கனவே கட்டியாச்சு" என்ற ஒரு சான்றும் வரும். இதுக்குப் பேர் இம்பியூட்டேஷன் கிரெடிட், 1988ல் கொண்டு வந்தாங்க. நீங்க 33% வரி கட்டுறவர் என்றால், 100க்கு 33, அதில் 28 கட்டியாச்சு, மீதி 5 மட்டும் கட்டினா போதும். கையில் நிற்கிறது 67. அதே 100 உங்களுக்கு வட்டியா வந்திருந்தா? 33 போக 67. இரண்டும் ஒண்ணேதான்! இங்கேயே இருக்கிற பங்குதாரருக்கு, கடனால் வரி மிச்சம் என்ற அந்தப் பிரபலமான லாபம் காணாமல் போகுது. பங்குதாரர் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்தா அந்த கிரெடிட் இதே மாதிரி உதவாது, கணக்கு மாறிடும். ஆக, கடனா பங்கா என்று முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி, காசு போடுறவர் எந்த நாட்டில் வரி கட்டுறார் என்று கேட்கணும். புத்தகத்தை மனப்பாடம் பண்ணின யாருக்கும் இந்தக் கேள்வி தோணாது. எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடிச்ச வாரம் இதுதான்.

இதனால் மூலதனச் செலவைக் கணக்கிடவும் இங்கே தனிச் சூத்திரம், பிரென்னன்-லாலி என்று பேர். லாலி என்பவர் வெலிங்டன் விக்டோரியா யூனிவர்சிட்டிப் பேராசிரியரா இருந்தவர். மின்கம்பி நிறுவனங்கள் எவ்வளவு வருமானம் எடுக்கலாம் என்று காமர்ஸ் கமிஷன் முடிவு பண்றப்போ இதன் எளிய வடிவத்தைத்தான் பயன்படுத்துது. ஆக்லாந்தில் அந்த நிறுவனம் வெக்டர். அந்தச் சதவீதம் கொஞ்சம் ஏறினா உங்க வீட்டு கரண்ட் பில் ஏறும். ஆனா வெக்டரின் 75.1% பங்கு என்ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை கையில் இருக்கு. அந்த வட்டாரத்து மின் இணைப்புகளுக்கு வருஷா வருஷம் சில நூறு டாலர் டிவிடெண்ட் வருமே, செப்டம்பரில் "என்ட்ரஸ்ட் காசு வந்துச்சா" என்று அப்பா கேட்பாரே, அதுதான் இது. பில் கட்டுறவரும் அவர்தான், பங்கு வாங்குறவரும் அவர்தான். மறுபடியும் ஒரே ஆள், இரண்டு இடம்.

ஆஃபர் லெட்டருக்குத் திரும்புவோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சதவீதத்தை மட்டும் கேட்காதீங்க. மொத்தம் எத்தனை பங்கு, எல்லா ஆப்ஷனையும் சேர்த்தா என் பங்கு எவ்வளவு, முன்னுரிமைப் பங்கில் இதுவரைக்கும் எவ்வளவு பணம் வந்திருக்கு, விக்கிறப்போ அது ஒரு மடங்கு திரும்பணுமா இரண்டு மடங்கா, இப்போ இருக்கிற ரொக்கம் எத்தனை மாசத்துக்கு வரும். நல்ல நிறுவனர் முகம் சுளிக்காமல் சொல்லுவார். நழுவினா அதுவும் ஒரு பதில்தான்.

யாரையும் கேட்காமலேயும் கொஞ்சம் பார்க்கலாம். நியூசிலாந்து கம்பெனிகள் பதிவேட்டில் பேரைப் போட்டா இயக்குநர்கள் யார், பங்கு யார் யார் கையில் எத்தனை என்று இலவசமாகவே காட்டும். பிபிஎஸ்ஆர் என்ற இன்னொரு பதிவேட்டில் ஒரு சின்னக் கட்டணம் கட்டினா, கம்பெனியின் சொத்து மேல் யாரெல்லாம் அடமான உரிமை பதிஞ்சிருக்காங்க என்று வரும். உங்களுக்கு முன்னாடி நிற்கிறவங்க பேர் அதில் இருக்கும்.